அவள் பணம் எங்கிருந்து வந்தது?

திருவையாற்றில் காவிரிக் கரையில் இருக்கும் தியாகராஜர் சமாதிக் கோயில் ஒரு பெண்ணின் சொந்தப் பணத்தில் எழுந்தது. ஆராதனை நாளில் தொலைக்காட்சியில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளின் சேர்ந்திசையைக் கேட்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற அம்மையார், கனவில் வந்த கட்டளைப்படி நகைகளையெல்லாம் விற்று அந்தக் கோயிலைக் கட்டினார். கடைசிக் காலத்தை அங்கேயே கழித்து மறைந்தார். அவ்வளவுதான். கேட்பவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், பேச்சு வேறு பக்கம் போகும்.

இதையே சற்று விரிவாக இளங்கலை மாணவியரிடம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்: "மேடம், அவங்களுக்கு அவ்வளவு பணம் எங்கேயிருந்து வந்துச்சு?" கேட்டவளின் குரலில் கேலி இல்லை. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவள் தாழ்ந்த குரலில், "ஆம்பளைங்க கொடுத்ததுதான்" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

அதற்கு முந்தைய வாரம் அதே வகுப்பில் பாண்டித்துரைத் தேவரைப் பற்றிப் பேசியிருந்தேன். 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர், பாலவநத்தம் ஜமீன்தார். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் குடியானவன் கட்டித்தான் தீர வேண்டியிருந்த வரியும் குத்தகையுமே எந்த ஜமீனின் வருமானமும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றியும் தமிழிசைச் சங்கத்தைப் பற்றியும் எத்தனையோ முறை பாடம் எடுத்திருக்கிறேன். நகரத்தார் செல்வத்தின் பெரும்பகுதி பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித் தொழிலில் சேர்ந்தது என்பது வரலாற்று நூல்களில் உள்ள செய்தி. ஒரு மாணவிகூட அதைக் கேட்டதில்லை. இவர்களின் கொடையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் இல்லையென்றால் நான் படித்த தமிழின் பாதி அச்சேறியிருக்காது. ஆணின் கொடை என்றால் அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்கிறோம், பெண்ணின் கொடை என்றால் புறப்பட்ட இடத்தைத் தோண்டுகிறோம். இந்தக் கட்டுரை அந்த வேறுபாட்டைப் பற்றியது.

நாகரத்தினம்மாள் 1878இல் மைசூருக்கு அருகிலுள்ள நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாய் புட்டலட்சுமி. கணவன் என்றும் சொத்து என்றும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத தாய், மகளுக்குச் சங்கீதமும் சமஸ்கிருதமும் தெலுங்கும் நாட்டியமும் கற்பித்தார். பதின்வயதில் தாயை இழந்த பெண் மைசூரிலும் பெங்களூரிலும் பாடி, ஆடி, பெயர் வாங்கினார். மைசூர் நீதிபதி நரஹரி ராவ் அவருடைய புரவலராக இருந்தார். பிறகு சென்னைக்கு வந்து குடியேறினார். பூச்சி சீனிவாச ஐயங்காரிடம் பாடம் கேட்டார். மாகாணம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். கிராமபோன் வந்த தொடக்க ஆண்டுகளிலேயே இசைத்தட்டுகளில் பாடினார். வீடு வாங்கினார், நகை சேர்த்தார். கச்சேரிக் கணக்கைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ளவர். வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் என்றும் அவரைச் சொல்வதுண்டு. ஆக, மாணவியின் கேள்விக்கு நேரான பதில்: பாடி வந்தது. கூடவே புரவலர் தந்ததும் உண்டு. அக்காலத்தில் எந்தச் சங்கீத வித்வானுக்குத்தான் புரவலர் இல்லை? மைசூர் மகாராஜாவோ ராமநாதபுரம் சேதுபதியோ தோடா போட்டால் ஆண் வித்வானுக்கு அது சன்மானம். பெண்ணுக்குத் தந்தால் மட்டும் அந்தச் சொல்லை வாயில் வேறு மாதிரி உருட்டுகிறோம்.

நம் பழைய நூல்களிலும் இதே உருட்டல் இருக்கிறது. வள்ளல் என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் ஆண்பால் விகுதி ஏதும் கிடையாது. ஆனால் கடையெழு வள்ளல்களில் ஒருத்தி இல்லை. ஔவை நெல்லிக்கனியை வாங்கிக்கொள்பவளாகத்தான் வருகிறாள். திருக்குறளில் ஈகை ஓர் அதிகாரம். பொருளுக்காகப் பழகும் பெண்களைப் பற்றிய வரைவின் மகளிர் இன்னோர் அதிகாரம். பின்னது பெண்வழிச்சேறலுக்கும் கள்ளுண்ணாமைக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது. கள், சூது என்பவற்றோடு ஆணுக்கு வரக்கூடிய விபத்துகளில் ஒன்று அவள். கொடுக்கிறவனுக்கு அங்கே அறிவுரை கிடைக்கிறது, வாங்குகிறவளுக்கு இழிவு கிடைக்கிறது.

மணிமேகலையை எடுத்துக்கொள்வோம். கணிகையர் குலத்தில் பிறந்த மாதவியின் மகள் ஊருக்கெல்லாம் சோறு போடுபவளாக ஆவது உலக இலக்கியத்திலேயே அரிய கற்பனை. ஆடலரங்குக்கு என்று வளர்க்கப்பட்ட பெண் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். இத்தனை துணிந்த சாத்தனாருக்கும் ஓர் இடத்தில் கை தயங்குகிறது. அமுதசுரபி கிடைத்துவிட்டது, ஆனால் அதில் முதல் பிச்சையை யார் இடுவது? கற்பில் சிறந்தவள் இட வேண்டும். ஆதிரை என்ற இல்லறத்தாள் வந்து முதல் சோறு இட்ட பிறகுதான் பாத்திரம் சுரக்கிறது. கணிகையின் மகள் கொடுக்கலாம், ஆனால் குலமகள் கைப்பட்ட பிறகே.

பல ஆண்டுகள் இந்தக் காதையை நடத்திய பிறகுதான் இன்னொன்றும் கண்ணில் உறைத்தது. ஆதிரையின் செல்வம் எங்கிருந்து வந்தது? அவள் கணவன் சாதுவன் ஒரு கணிகையிடம் கைப்பொருளையெல்லாம் தொலைத்தவன். பிறகு கடலோடி, கலம் உடைந்து, நாகர் நாட்டில் கரையேறுகிறான். கரையில் ஒதுங்கும் மனிதர்களைத் தின்னும் அந்த நாகர்களுக்கு அறம் சொல்லித் திருத்துகிறான். அவர்களோ, இதுவரை தாங்கள் கொன்று தின்ற கலம் கவிழ்ந்தோரின் பொருளையெல்லாம் எடுத்து அவனிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பொருளோடு ஊர் திரும்பி அவன் தானமும் தருமமும் செய்து வாழ்கிறான். இது நூலிலேயே தெளிவாக இருக்கிறது. செத்தவர்களின் உடைமைதான் அந்த வீட்டின் செல்வம். அந்த வீட்டுச் சோறுதான் பாத்திரத்தைத் தூய்மைப்படுத்தியது! ஆதிரையைக் குறை சொல்லவில்லை. அவள் பாவம், கணவன் இறந்தான் என்று தீயில் இறங்கி வெந்து போகாமல் மீண்டவள். பொருளின் தூய்மையைச் சாத்தனாரும் பொருளில் தேடவில்லை, பெண்ணின் உடம்பில் தேடினார் என்பதைத்தான் சொல்கிறேன். தேவதாசி கட்டிய கோயில் என்றதும் வகுப்பில் எழுந்த சிரிப்பின் வயது இப்போது தெரிகிறது.

பௌத்தக் கதையிலேயே இதற்கு மாற்றும் உண்டு. வைசாலியின் கணிகை அம்பபாலி புத்தரை விருந்துக்கு அழைக்கிறாள், அவர் ஒப்புக்கொள்கிறார். பின்னால் வந்த லிச்சவி இளவரசர்கள் அந்த விருந்தைத் தங்களுக்கு விட்டுத்தரச் சொல்லி லட்சம் பொன் பேசுகிறார்கள். நகரத்தையே நாட்டோடு தந்தாலும் விடமாட்டேன் என்கிறாள். மறுநாள் விருந்து நடக்கிறது, அவளுடைய மாந்தோப்பு சங்கத்துக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் எந்த ஆதிரையும் தேவைப்படவில்லை. வாங்கிக்கொண்டவரும் அவளைத் திருத்திவிட்டு வாங்கவில்லை.

நாகரத்தினம்மாளின் கதையை ஊர் சொல்லும் விதத்தில் அம்பபாலி இல்லை, ஆதிரைதான் இருக்கிறாள். கனவு, பக்தி, நகைத் துறப்பு என்று அடுக்குகிறார்கள். ஒரு தாசி தன் வாழ்வைக் கழுவிக்கொண்ட கதையாக அது மாறிவிடுகிறது. அவர் பக்தியுள்ளவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. தியாகராஜர் கனவில் வந்ததாக அவரே நம்பினார், அதைப் பொய் என்று சொல்ல நான் யார்? ஆனால் பிராயச்சித்தம் என்பது தவறு செய்தவர் செய்வது. தாம் தவறு செய்ததாக நாகரத்தினம்மாள் நினைத்ததற்கு அவர் வாழ்க்கையில் எந்தத் தடயமும் காணவில்லை. மாறாக, அவர் நினைக்கவில்லை என்பதற்கு அச்சில் ஏறிய சான்றே இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை, 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தைத் தெலுங்கில் எழுதினார். பெண் தன் ஆசையைத் தானே சொல்லும் நூல். கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற பெரிய சீர்திருத்தவாதிக்கே அது பொறுக்கவில்லை. பெண் வாயிலிருந்து வரத் தகாதவை அதில் இருப்பதாக எழுதினார். அதற்கு முன் வந்த பதிப்பில் நூலின் முகப்பையே நீக்கியிருந்தார்கள். முத்துப்பழனி தன் தாயையும் பாட்டியையும் கவிமரபாகச் சொல்லிக்கொண்ட பகுதி அது. நாகரத்தினம்மாள் மூலச்சுவடியைத் தேடிப் பிடித்து, வெட்டப்பட்டதையெல்லாம் சேர்த்து, 1910இல் வாவிள்ள பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டார். முன்னுரையில் வீரேசலிங்கத்துக்கு நேராகவே பதில் சொன்னார்: நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா? ஆண் கவிகள் இதைவிட வெளிப்படையாக எழுதியதையெல்லாம் என்ன செய்யப் போகிறீர்கள்? அடுத்த ஆண்டே அரசு ஆபாசம் என்று சொல்லிப் பிரதிகளைப் பறித்தது. நாடு விடுதலை பெறும் காலத்தில்தான் தடை நீங்கியது. புதுப்பதிப்பு 1952இல் வந்தது, அவர் இறந்த அதே ஆண்டு.

இதைச் செய்த பெண்ணா பத்தாண்டு கழித்துத் தன் குலத்துக்காக வெட்கப்பட்டுக் கோயில் கட்டினார்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெட்டப்பட்ட பாட்டிமாரின் பெயர்களைத் திரும்ப ஒட்டியதும், இடிந்து கிடந்த சமாதியை எடுத்துக் கட்டியதும் ஒரே மனம் செய்த இரண்டு வேலைகள்.

அதோடு அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளை ஆராய்ந்த லெஸ்லி ஓர், கோயிலோடு தொடர்புடைய பெண்கள் அவற்றில் ஆடுபவர்களாகவும் பாடுபவர்களாகவும் தென்படுவதைவிடக் கொடையாளர்களாகவே மிகுதியும் தென்படுகிறார்கள் என்று காட்டினார். விளக்குக்கு ஆடு விட்டவர்கள், நிலம் எழுதி வைத்தவர்கள், பொன் கொடுத்தவர்கள். செம்பியன் மாதேவியைப் பாடநூல் சொல்கிறது, அரசி என்பதால். தளிச்சேரிப் பெண் கொடுத்ததைக் கல் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சட்டத்துக்கும் இந்தப் பணம் என்ன வகை என்று ஒரு காலத்தில் தெரிந்தே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆடல்மகளிர் குடும்பங்களின் சொத்து வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தன. குடும்பச் செலவில் கலை கற்ற ஒருத்தி ஈட்டுவது அவளுக்கா, குடும்பத்துக்கா? இதே கேள்விதான் குடும்பச் செலவில் சட்டம் படித்த வக்கீலின் வருமானத்தைப் பற்றியும் எழுந்தது. கற்றதால் வந்த பொருள் என்ற ஒரே தலைப்பில் இருவரும் வந்தார்கள். 1930இல் வந்த சட்டம்தான் கல்வியால் ஈட்டியது ஈட்டியவருக்கே என்று முடித்துவைத்தது. நீதிமன்றக் கட்டில் வக்கீலும் தாசியும் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் இருந்தார்கள் என்று வகுப்பில் சொன்னபோது முன்பு சிரித்தவர்கள் சிரிக்கவில்லை. தாய்வழியில் மகளுக்குச் சொத்து போகலாம், பெண்குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் குடும்பங்களில்தான் அன்று நடந்தது. குலமகளான மற்ற இந்துப் பெண் பிறந்த வீட்டுச் சொத்தில் சமபங்கு பெறத் தமிழ்நாட்டில் 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இப்போது திருவையாற்றுக்கு வருவோம். தியாகராஜர் மறைந்தது 1847இல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் பெயரில் ஆராதனை நடத்தப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு அணிகள் போட்டியிட்டன. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: பெண்கள் பாடக் கூடாது. விழா ஒருபுறம் நடக்க, சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. பிடாரம் கிருஷ்ணப்பா எழுதி அனுப்பிய செய்தி நாகரத்தினம்மாளை எட்டியது. 1921இல் அவர் இறங்கினார். சமாதியிருந்த இடத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் தம் பொறுப்பில் கொண்டுவந்து, கோயில் எழுப்பி, குடமுழுக்குச் செய்து, அன்றாட பூசைக்கும் ஏற்பாடு செய்தார். கோயில் எழுந்த பிறகும் கட்டியவர் அங்கே விழாவில் பாட முடியாது என்பதே நிலை. 1927இல் அவர் பெண்கள் கட்சி என்ற மூன்றாவது அணியைத் தொடங்கினார். முன்புறம் ஆண்கள் விழா நடத்த, கோயிலின் பின்புறம் பெண்கள் பாடினார்கள்.

அவர் யாரிடமும் இடம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெண்களும் பக்தர்கள்தானே, கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று நாம் இன்றும் மனுப் போடுகிறோம். அவர் நிலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பேசினார். கோயில் அவர் கட்டியது, பூசை அவர் பணத்தில் நடந்தது. 1940-41இல் எல்லா அணிகளும் ஒன்றானபோது பெண்கள் ஒரே மேடைக்கு வந்தார்கள். அது ஆண்களின் பெருந்தன்மையால் நடந்தது என்றால், அந்தப் பெருந்தன்மை நில உரிமையாளர் முன்னால் சற்று எளிதாகவே வந்திருக்கும்.

வர்ஜீனியா உல்ஃப் பெண் எழுதப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என்று வாதிட்ட நூல் வெளிவந்தது 1929இல். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே இங்கே ஒருத்தி பெண்கள் பாடுவதற்குக் காவிரிக் கரையில் நிலம் வாங்கி வைத்திருந்தாள்.

ஆனால் இங்கேதான் எனக்கு உறுத்தலும் தொடங்குகிறது. நிலம் இருந்ததால் உரிமை வந்தது என்றால், நிலம் இல்லாதவளுக்கு? மேடையில் பெண் பாடலாம் என்பது ஒரு நியாயம். அதை விலை கொடுத்து வாங்க முடிந்தது என்றால் அது நியாயமாகவே இருக்கிறதா, சரக்காக மாறிவிட்டதா? பணக்காரப் பெண்கள் கலைக்குக் கொடுப்பதைப் பாராட்டும் பெண்ணியம் இந்தக் கேள்வியைக் கூச்சத்தோடு தாண்டிப் போய்விடுகிறது. நான் என்ன நினைக்கிறேன் என்றால், அவர் வாங்கியது உரிமையை அன்று. உரிமை முன்பே இருந்தது. அதை மறுப்பவர்களைக் காதுகொடுக்க வைக்கும் வலுவைத்தான் வாங்கினார். அப்படி வாங்கியதைத் தமக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு தனிச் சலுகை கேட்டிருந்தால், கோயில் கட்டிய அம்மாளுக்கு மட்டும் என்று ஒரு பாட்டுக்கு விட்டிருப்பார்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட விதிவிலக்குகளுக்குப் பஞ்சமில்லை. அவர் கட்சி கட்டினார்.

இதைவிடக் கடினமான உறுத்தல் இன்னொன்று. அதே 1927இல்தான் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராகப் பேசத் தொடங்கினார். அவர் தாய் சந்திரம்மாளும் அதே மரபில் வந்தவர். சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்றார். சென்னை தேவதாசிகள் சங்கம் எதிர்த்தது. அந்த எதிர்ப்பில் நாகரத்தினம்மாள் முன்னணியில் இருந்தார். நாங்கள் கலைஞர்கள், எங்களை விலைமாதரோடு சேர்த்துக் கட்டாதீர்கள், எங்கள் சொத்துரிமையைப் பிடுங்காதீர்கள் என்பது சங்கத்தின் வாதம்.

அந்த வாதத்தில் உண்மை இருந்தது. ஆனால் அது முழு உண்மையன்று. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் சிறுமியாக ஒரு தாசி வீட்டுக்கு விற்கப்பட்டவர். 1936இல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவலைப் படிப்பவருக்கு அந்த மரபுக்குள் ஏழைப் பெண்ணின் இடம் என்ன என்று தெரியும். நாகரத்தினம்மாளைப் போல ஆயிரம் கச்சேரி செய்தவர் எத்தனை பேர்? குரல் வராத, ஆட்டம் வராத, அழகு என்று ஊர் சொல்லாத சிறுமியும் அதே பொட்டைத்தான் சுமந்தாள். ஒருத்திக்குச் சொத்து தந்த அமைப்பே இன்னொருத்தியைச் சொத்தாக வைத்திருந்தது. இந்த இடத்தில் நான் முத்துலட்சுமியின் பக்கமும் இராமாமிர்தத்தின் பக்கமும்தான் நிற்கிறேன். 1947இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் வந்தது சரி.

அப்படியானால் பின்வரிசை மாணவியின் கேள்வி நியாயம்தானா? நியாயம்தான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வேண்டும். குத்தகைப் பணத்தையும் வட்டிப் பணத்தையும் கேட்டுவிட்டு, வரிசையில் இவரிடம் வர வேண்டும். அப்படி வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது. எந்த ஆணோடு இருந்தாள் என்பது விழுந்துவிடும். இந்தச் செல்வம் சேர யாருடைய உழைப்பு, யாருடைய குழந்தைப்பருவம் செலவானது என்பது நிற்கும். முதல் கேள்வி அவளுடைய படுக்கையை எட்டிப் பார்க்கிறது. இரண்டாவது கேள்வியை டாட்டாவிடமும் கேட்கலாம், கோயில் தேவஸ்தானத்திடமும் கேட்கலாம்.

முத்துலட்சுமிக்குப் பணத்தின் இந்தப் பக்கம் நன்றாகவே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவர் முயற்சியால் 1929இல் வந்த முதல் சட்டம் ஒழுக்கச் சட்டமன்று, நிலச் சட்டம். கோயில் பணிக்காக விடப்பட்ட மானிய நிலங்களைப் பணியிலிருந்து விடுவித்து அந்தப் பெண்களுக்கே உரிமையாக்கியது. பொட்டைக் கழற்றச் சொல்லும் முன் நிலத்தைக் கையில் கொடு என்ற தெளிவு அதில் இருக்கிறது. பின்னால் அவர் தொடங்கிய அவ்வை இல்லமும், 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அடையாற்றில் இன்றும் நடக்கின்றன. எதிரெதிரே நின்ற இரண்டு பெண்களும், கையில் சொத்தில்லாத பெண்ணை யாரும் ஆளாக மதிக்கமாட்டார்கள் என்பதில் ஒரே கட்சி. இது என் கணிப்பு. இருவரும் கேட்டிருந்தால் இருவருமே என்னைக் கடிந்திருப்பார்கள்.

நான் குடியிருக்கும் மந்தைவெளியில் மார்கழி வந்தால் சபாக்களின் பட்டியல் சுவரெல்லாம் ஏறும். மயிலாப்பூர் பக்கம் நடந்தால் அரங்கத்துக்கு ஒரு பெயர், உள்ளே மேடைக்கு ஒரு பெயர், நாற்காலி வரிசைக்கு ஒரு பெயர். கொடுத்தவர்களின் தாயார் நினைவாக, மனைவி நினைவாக என்று பெண் பெயர்களும் உண்டு. பெண்கள் அங்கே பெரும்பாலும் நினைவுகளாக இருக்கிறார்கள். எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா ஒருவர். கல்யாணமான நாளிலிருந்து கல்லில் ஆட்டி, பிறகு கிரைண்டர் வாங்கி, இப்போது இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறார். பக்கத்துச் சின்னக் கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். உபயம் என்று அதில் எழுதியிருப்பது வீட்டுக்காரர் பெயர். அவர் பத்து வருஷமாக வேலைக்குப் போகவில்லை. "ஏம்மா உங்க பேரைப் போடலை?" என்றேன். "எழுதறவன் அவரு பேரைத்தான் கேட்டான்" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, மாவை அளந்துகொண்டே சொன்னார்.

நாகரத்தினம்மாள் தம் பெயரைப் போட்டுக்கொண்டார். அதை ஆணவம் என்றவர்கள் உண்டு. ஆண்கள் கட்டியவற்றில் பெயர் இருப்பதை ஆணவம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெயரில்லாமல் கொடுப்பதே உயர்ந்த கொடை என்று நீதிநூல்கள் சொல்லும். அந்த உயர்வு, பெயர் இருப்பவர்கள் அதை மறைத்துக்கொள்ளும்போது வருவது. பெயரே கேட்கப்படாதவள் மறைத்தால் அதில் என்ன உயர்வு இருக்கிறது?

என் மாணவியரில் சிலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த பெண்களுக்கான உதவி. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்ட பெண்ணும் அந்தப் பணத்தில்தான் பஸ் பாஸும் புத்தகமும் வாங்குகிறாள். இராமாமிர்தம் யார் என்று அன்று சொன்னேன். தாசி வீட்டுக்கு விற்கப்பட்ட பெண்ணின் பெயரால் வரும் பணம் என்றதும் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் நோட்டில் பெயரை எழுதிக்கொண்டாள், எழுத்துக்கூட்டி, "ர்" எங்கே வரும் என்று கேட்டு.

நாகரத்தினம்மாள் 1949இல் உயில் எழுதினார். சொத்து முழுவதையும் அறக்கட்டளைக்கு விட்டார். சமாதியில் வழிபடவும் பாடவும் பெண்களுக்குத் தடை இருக்கக் கூடாது, தேவதாசிகளுக்கும் சேர்த்து, என்பது அதன் முக்கியமான நிபந்தனை. 1952 மே 19ஆம் நாள் இறந்தார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவரை அடக்கம் செய்து சிலை வைத்திருக்கிறார்கள். கைகூப்பியபடி உட்கார்ந்திருக்கிறார், சன்னதியைப் பார்த்து. ஆராதனை அன்று பாட வரும் பெண்கள் கூட்டத்தில் உள்ளே போவதற்கு அந்தச் சிலையைத் தாண்டித்தான் போகிறார்கள். சிலர் நின்று ஒரு பூவை வைக்கிறார்கள். பலர் இடம் பிடிக்கும் அவசரத்தில் இருக்கிறார்கள்.